தானாக நகரும் கற்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள மரணப் பள்ளத்தாக்கில் ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. வெடித்துக் காய்ந்த அந்தக் களிமண் தரையில் கிடக்கும் கற்களின் பின்னே, யாரோ இழுத்துச் சென்றதுபோல் நீண்ட தடங்கள் தெரியும். ஓர் ஆளால் அசைக்க முடியாத கற்களும் அவற்றில் உண்டு. காலடிச் சுவடோ சக்கரத் தடமோ அருகில் இருக்காது.

1940களிலிருந்தே அறிவியலாளர்கள் இதை ஆராய்ந்துவந்தனர். சூறாவளிக் காற்று, கனத்த பனிக்கட்டி என்று பல விளக்கங்கள் வந்தன. கற்கள் நகர்வதை மட்டும் எவரும் பார்த்ததில்லை. 2011இல் ஆய்வாளர் ரிச்சர்டு நாரிஸ் குழுவினர் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய 15 கற்களை அங்கே வைத்தனர். அவை வெளியிலிருந்து கொண்டுவந்த கற்கள். கருவி பொருத்துவதற்காகப் படுகையின் கற்களைத் துளையிட அனுமதி இல்லை என்பதே காரணம். பிறகு காத்திருப்புதான்.

2013 டிசம்பரில் விடை கண்ணெதிரே நடந்தது. குளிர்கால மழையில் படுகையில் மெல்லிய அளவில் நீர் தேங்கி, இரவில் உறைந்தது. பனியின் தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டர், சன்னல் கண்ணாடி அளவுதான். வெயில் ஏறியதும் அது பெரும் தகடுகளாக உடைந்தது. மெல்லிய காற்று தகடுகளைத் தள்ள, அவை கற்களை ஈரச் சேற்றில் நகர்த்தின. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர். இவ்வளவு மெதுவான நகர்வு தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நீர் வற்றிய பிறகு எஞ்சுவது தடம் மட்டுமே.