தாதிமை இல்லமும் நம் கடமையும்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தாதிமை இல்லங்களைப் பற்றியது. நம்மவர்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயம் இது. கல்யாண வீட்டில் "அம்மா எங்கே?" என்று யாராவது கேட்டால், "ஹோமில் இருக்கிறார்" என்று சொல்வதற்குள் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்டவரும் "ஓ, அப்படியா?" என்று ஒரு மாதிரி இழுப்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே, வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்த பிறகும் சமாளித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் அவதிப்படுவது யார்? படுக்கையில் இருக்கும் அந்த அம்மாதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முதியோர் இல்லம் வேறு, தாதிமை இல்லம் வேறு. தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய, ஆனால் ஆதரவு இல்லாத மூத்தோர் தங்குவது முதியோர் இல்லம். பக்கவாதம், கடுமையான மறதிநோய் போன்றவற்றால் நடமாட முடியாமல், நாள் முழுவதும் பிறர் உதவி தேவைப்படுவோருக்கானது தாதிமை இல்லம். மானியம் பெறும் இல்லத்தில் விருப்பப்பட்டவுடன் இடம் கிடைத்துவிடாது. மருத்துவமனை அல்லது பலதுறை மருந்தகம் நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது.

யாருக்கு இத்தகைய உதவி தேவை என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்? குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறையைப் பயன்படுத்துவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என ஆறு அன்றாடச் செயல்களை வைத்துப் பார்க்கிறார்கள். 2020ல் தொடங்கிய கேர்ஷீல்ட் லைஃப் காப்புறுதித் திட்டத்தில், இந்த ஆறில் மூன்றையாவது பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கு மாதந்தோறும் தொகை கிடைக்கிறது. நாம் காலையில் எழுந்து பத்து நிமிடத்தில் முடிக்கும் காரியங்கள்தான் இவை. முடியாமல் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

பல ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்றிரண்டு விவரங்களைச் சொல்கிறேன். அசைய முடியாத ஒருவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், இடுப்பு, குதிகால், முதுகுத்தண்டின் அடிப்பகுதி போன்ற இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்படும். முதலில் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும், கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போகும். அதனால்தான் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறோம். இரவிலும்தான். வேலைக்குப் போகும் மகனும் மருமகளும் இதை எத்தனை மாதம் செய்ய முடியும்? ஒரே ஒரு பணிப்பெண்ணால் எத்தனை இரவு செய்ய முடியும்?

இன்னொன்று விழுங்குவது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். அதற்காகவே தண்ணீரிலும் தேநீரிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். இது தெரியாமல், "பாவம், அப்பாவுக்குப் பிடிக்குமே" என்று வடையும் பரோட்டாவும் மறைத்துக் கொண்டுவந்து ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தடுத்தால், "என் அப்பாவுக்கு நான் கொடுக்கக்கூடாதா?" என்று தாதியின் மீது பாய்கிறார்கள். பாசம் நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வாய் வடையால் அப்பா மறுபடியும் மருத்துவமனைக்குப் போக நேரலாம். பிடித்ததைக் கொடுக்க வேண்டுமா? தாதியிடம் கேளுங்கள். மசித்த இட்லியோ குழைந்த பொங்கலோ கொடுக்க முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவர்களை நாம் எப்படி மதிக்கிறோம்? மகள் தாதிமை படிக்கப் போகிறேன் என்றால், "மலஜலம் அள்ளுகிற வேலைக்கா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மகன் சொன்னால் கேட்கவே வேண்டாம். ஆனால் தங்களுக்கு முடியாமல் போகும்போது நல்ல தாதி வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம். அது எங்கிருந்து வரும்?

தாதிமை ஒரு கல்வி. லண்டனில் புனித தாமஸ் மருத்துவமனையில் 1860ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய நாள் முதல் அது வளர்ந்து வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1885 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பிரெஞ்சுக் கன்னிமார்கள் பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அதனால்தான் ஆகஸ்ட் முதல் தேதியைத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கலாம். 2006 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். பொதுச் சுகாதாரத் துறையில் நீண்டகாலம் பணியாற்றும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை அரசாங்கம் 2024ல் அறிவித்தது. காசு தேவைதான். அதோடு மரியாதையும் தேவை. "ஏய் மிஸ்ஸி" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொவிட் பரவியபோது, ஏப்ரல் மாதம் தாதிமை இல்லங்களுக்கு வருகையாளர்கள் வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். ஊழியர்கள் பலர் தங்கள் வீட்டுக்குப் போகாமல், இல்லத்திலோ ஹோட்டலிலோ தங்கி வேலை பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைகளைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டு, நம் பெற்றோருக்குச் சோறு ஊட்டினார்கள். அவர்களில் பலர் பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா என்று ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் வயதான அம்மா அப்பா உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, எல்லாவற்றையும் தாதியே பார்த்துக்கொள்வார் என்றால், பிள்ளைகளுக்கு என்ன வேலை? இங்கேதான் என் முக்கியமான கருத்து இருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட தாதியால் முடியும். நீங்கள் ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய கதையை உங்கள் அம்மாவோடு பேச, தாதியால் முடியாது.

மொழியும் ஒரு பிரச்சினை. மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் நழுவி, தாய்மொழி மட்டுமே மிஞ்சும் மூத்தோர் பலர் உண்டு. "தண்ணி", "வலிக்குது", "ஒண்ணுக்கு வருது" என்று தமிழில் சொன்னால், மியன்மாரிலிருந்து வந்த தாதிக்கு எப்படிப் புரியும்? புரியாதபோது பெரியவர் கத்துவார், கையை ஓங்குவார். "முரடர்" என்று பெயர் வந்துவிடும். பாவம், அவர் கேட்டது தண்ணீர்தான். ஆகவே ஓர் அட்டையில் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளையும் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். கூடவே, அவர் என்ன வேலை பார்த்தார், எந்தப் பாட்டுப் பிடிக்கும், சைவமா அசைவமா, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். கட்டில் எண்ணாக இருந்தவர் அன்றிலிருந்து ஒரு மனிதராகிவிடுவார்.

குறை இருந்தால் கேளுங்கள். கேட்க வேண்டியது உங்கள் உரிமை. உடம்பில் புண் இருக்கிறதா, எடை குறைகிறதா, கையைக் கட்டி வைத்திருந்தால் ஏன் என்று பொறுப்புத் தாதியிடம் விசாரியுங்கள். வாரந்தோறும் வருகிறவர் கேட்கும் கேள்விக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சத்தம் போடுகிறவருக்கு அது கிடைக்காது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பகல்நேரப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, வீட்டுக்கு வரும் தாதியர் சேவை இருக்கிறது. முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். அதற்கும் மேல் முடியவில்லை என்றால், வெட்கப்படாமல் இல்லத்தை நாடுங்கள்.

2010ல் சிங்கப்பூரர்களில் பத்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். 2030ல் நால்வரில் ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவராக நானும் இருப்பேன், உங்களில் பலரும் இருப்பீர்கள். 1995ல் இங்கே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மாதாமாதம் பணம் கொடு என்று அந்தச் சட்டத்தால் பிள்ளைக்கு உத்தரவிட முடியும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள் என்று உத்தரவிட முடியாது. அதை நாமாகத்தான் செய்ய வேண்டும்.

இல்லத்தில் உங்களுக்குத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பும்போது, அங்கிருக்கும் தாதியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயர் சொல்லி நன்றி கூறிவிட்டு வாருங்கள்.