கடல் கடந்து வந்த கதைகள்



ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் தொலைக்காட்சித் தொடர்நாடகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே, வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மாலைதோறும் நம் வீட்டுக் கூடங்களில் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ஒரு வகுப்பு நடைபெறுகிறது. மாணவர் வருகை அங்கே நூற்றுக்கு நூறு. அத்தகைய வகுப்பில் என்ன சொல்லித் தரப்படுகிறது என்று எட்டிப் பார்ப்பது ஆசிரியனுக்குப் பழகிப்போன செயலேயன்றோ?

நம் நாட்டுத் தொடர்களைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது கொரியா, ஜப்பான், தைவான் முதலிய கீழ்த்திசை நாடுகளின் தொடர்நாடகங்களை. 2014ஆம் ஆண்டளவில் புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியபோது, வாயில் நுழையாத பெயர்களை உடைய அந்த மாந்தரின் கதையை நம் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவர்களுள் எங்கள் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெரு நண்பர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பார்த்தார்கள். இன்று தொலைக்காட்சிப் பெட்டியும் தேவையில்லாமல், கைப்பேசியிலேயே பார்க்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் என் பேத்தியோடு அமர்ந்து நானும் பார்க்கிறேன். அவள் கண்ணீர் விடும் இடங்களில் நான் குறிப்பு எடுத்துக்கொள்கிறேன்.

குறிப்பேட்டைப் புரட்டினால் ஒன்று விளங்குகிறது. இந்நாடகங்களுக்கு வாய்பாடு உண்டு. பெருஞ்செல்வக் குடும்பத்தின் ஒரே வாரிசு, செருக்கு மிக்கவன். ஏழைப் பெண், மானம் மிக்கவள். முதற் சந்திப்பிலேயே சண்டை. பிறகு மழை வரும்; குடை ஒன்றுதான் இருக்கும். அவளுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். அவன் அவளை முதுகில் சுமந்து நடப்பான். எல்லாம் நன்றாகக் கூடிவரும் வேளையில் சாலையின் ஒரு மூலையிலிருந்து சரக்கு லாரி ஒன்று பாய்ந்து வரும். ஓட்டியவன் யார், அவன்மீது வழக்குத் தொடுத்தார்களா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையில் கண் விழித்தால் நினைவு போயிருக்கும். நினைவு போகாவிட்டால் பிறப்பின் இரகசியம் ஒன்று வெளிப்படும். 2000இல் வந்த 'ஆட்டம் இன் மை ஹார்ட்' என்னும் கொரியத் தொடரில், பிறந்த குழந்தைகள் மருத்துவமனையில் மாறிவிடுகின்றன. முடிவில் கதாநாயகியைக் கொடிய நோய் கொண்டுபோகிறது. 2002இல் வந்த 'வின்டர் சொனாட்டா'வில் நாயகன் நினைவிழக்கிறான். காதலித்தவள் தன் தங்கையோ என்ற ஐயம் எழுகிறது. இறுதியில் கண்பார்வையும் போய்விடுகிறது.

வாய்பாட்டின் வலிமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். யோகோ காமியோ என்னும் ஜப்பானிய அம்மையார் படக்கதையாக வரைந்த கதை ஒன்று. செல்வர் பிள்ளைகள் படிக்கும் கல்விக்கூடத்தில் ஓர் ஏழைப்பெண் சேருகிறாள். நான்கு செல்வச் சிறுவர்கள் அவளை அலைக்கழிக்கிறார்கள். அவர்களுள் தலைவனே அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். இக்கதை 2001இல் தைவானிலும், 2005இல் ஜப்பானிலும், 2009இல் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' என்ற பெயரில் கொரியாவிலும், 2018இல் சீனத்திலும் தொடராயிற்று. நான்கு நாடுகளிலும் மக்கள் முடிவு தெரிந்தே பார்த்தார்கள்.

இதைக் கண்டு நகைப்பவர்களோடு நான் சேரமாட்டேன். நகைக்க நமக்கு என்ன உரிமை? துர்வாசர் சாபத்தால் துஷ்யந்தன் சகுந்தலையை மறந்தது நினைவிழப்பு அல்லவா? பெட்டியில் இட்டு ஆற்றில் விடப்பட்ட கர்ணனின் கதை பிறப்பின் இரகசியம் அல்லவா? 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில், இறந்துவிட்டாள் என்று கருதப்பட்ட மனைவி, பார்வை இழந்த கணவனுக்குச் செவிலியாக வந்து பணிபுரிகிறாள். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் முடிவில் புகைவண்டி நிலையத்தில் நம்மை அழவைத்ததும் நினைவு திரும்பிய கொடுமைதான். கொரியர் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதன் எங்கும் அஞ்சுவது இரண்டுக்கே: தன்னை அன்பர் மறந்துவிடுவார்களோ என்பதும், தான் இன்னார் என்பது பொய்யாகிவிடுமோ என்பதும்.

வாய்பாடு தெரிந்திருப்பதால் சுவை குறைவதும் இல்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் பகுதியைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. தென்னைகளும் மின்கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பச் சில வாரங்கள் ஆயின. அந்நாட்களில் மாலை வேளைகளில் பெண்கள் ஒரு திண்ணையில் கூடி, தாங்கள் பார்க்க முடியாமற்போன தொடர்களின் கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். "இன்றைக்கு அவள் மாமியாருக்கு உண்மை தெரிந்திருக்கும்" என்பார் ஒருவர். "அதற்குள் தெரியாது, வெள்ளிக்கிழமைதான் தெரியும்" என்பார் இன்னொருவர். மின்சாரம் வந்தபின் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரும்பாலும் சரியாகவே இருந்ததாம்.

அளவைப் பற்றி ஒரு சொல். நம் 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. கொரியத் தொடர் பெரும்பாலும் 16 அல்லது 20 பகுதிகளில் முடிந்துவிடுகிறது. முடிவு உண்டு என்று தெரிந்து எழுதுபவன் கைக்கு ஒரு கட்டுப்பாடு வருகிறது. இந்த ஒன்றிலாவது நாம் அவர்களைப் பின்பற்றலாம்.

இனி, என் மனத்தை உறுத்தும் ஒரு காட்சிக்கு வருகிறேன். இந்நாடகங்களில் அடிக்கடி வருவது அது. செல்வனின் தாய் அந்த ஏழைப்பெண்ணைக் காப்பிக் கடைக்கு வரவழைக்கிறாள். எதிரில் அமர்த்துகிறாள். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமீது தள்ளுகிறாள். உள்ளே பணம். "என் மகனை விட்டு விலகிப் போய்விடு" என்கிறாள். பெண் உறையைத் திருப்பித் தள்ளுகிறாள். சில நாடகங்களில் அந்த அம்மாள் குவளைத் தண்ணீரைப் பெண்ணின் முகத்தில் வீசிவிட்டுச் செல்வாள். பார்ப்பவர் நெஞ்சு பெண்ணின் பக்கம் நின்று பெருமை கொள்கிறது. என் பேத்தியும் கைதட்டுவாள்.

எனக்குக் கைதட்ட வரவில்லை. காரணம், உறையைத் திருப்பித் தள்ள முடியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்து, சம்பாவும் கருகிய ஆண்டுகளில், சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயரிடப்பட்ட ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் புகுந்தது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் பெண்பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும்; முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவார்கள். தரகர் வீட்டுக்கு வந்து தகப்பனார் கையில் முன்பணம் கொடுப்பார். என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலாக நின்ற ஒரு பெண், அரையாண்டுத் தேர்வு முடிந்த பின் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் திண்ணையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். "வாங்கிட்டேன் சார்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

மூன்று ஆண்டுகள் முடியுமுன்பே அவள் உடல் நலிந்து திரும்பினாள். முழுத் தொகை கிடைக்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் தையற்கடை வைத்திருக்கிறாள். பொறியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கொரிய நாடகம் கேட்டபடியே தைப்பாள். ஒருநாள் சட்டை தைக்கக் கொடுக்கச் சென்றபோது மேற்சொன்ன உறைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "இதைப் பார்த்தால் உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேட்டேன். பொறியை நிறுத்தாமலே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா கவரத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறாளே, அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்ல என்ன சாப்பிட்டாங்க? அதக் காட்டலியே!"

அன்பர்களே, நான் முப்பது பக்கம் எடுத்த குறிப்பில் இல்லாத கேள்வி இது. வாய்பாட்டுக் கதைகளில் வறுமை என்பது பெரும்பாலும் நாயகிக்கு அணிவித்த ஓர் ஆடை. பழைய காலணி, மாடிமேல் ஒரு சிறு அறை, இரவு நேர வேலை. அழகாகவே இருக்கும். வறுமைக்கு அளவும் விலையும் உண்டு என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை.

சொன்ன கதை ஒன்று உண்டு. ஜப்பானின் வானொலி, தொலைக்காட்சிக் கழகமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய 'ஓஷின்' அது. சுகாகோ ஹாஷிடா என்னும் அம்மையார் எழுதினார். கால்மணி நேரப் பகுதிகள் 297. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடியது. நான் அதை முதலில் அரைகுறையாகக் கண்டது இலங்கையின் ரூபவாகினியில். 1982இல் ரூபவாகினி தொடங்கியபின், முத்துப்பேட்டை, வேதாரணியம் பக்கத்து வீடுகளில் உயர்ந்த குழாய்களை நட்டுக் கடலைப் பார்த்து ஆன்டெனா கட்டியிருந்தார்கள். காற்று ஒத்துழைத்தால் கொழும்பு தெரியும். ஜப்பானியக் குழந்தை சிங்களத்தில் பேசினாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் கதை விளங்கிற்று. பின்னாளில் ஆங்கில எழுத்துடன் பெரும்பகுதியைப் பார்த்தேன்.

யமகத்தா மாநிலத்துக் குத்தகை உழவர் வீட்டில் பிறந்தவள் ஓஷின். நெல் விளைவிக்கும் குடும்பம். உண்பதோ முள்ளங்கியை நறுக்கிப் போட்டுப் பெருக்கிய சோறு. ஏழு வயதில் அவளை மர வணிகர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். விலை: ஒரு மூட்டை அரிசி. ஆண்டு முழுவதற்கும் அவ்வளவே. பனி படர்ந்த மொகாமி ஆற்றில் கட்டுமரத்தில் குழந்தை போகிறாள். கரையில் தாய் நிற்கிறாள். ஜப்பானிய மூட்டை அரிசி 60 கிலோ. தஞ்சைத் தரணியில் பிறந்தவனுக்கு இக்கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்முன், ஆளுக்குக் கூலி நெல், பையனுக்கு மாடு மேய்க்கக் கூலி நெல் என்று வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். காமராசர் காலத்து மதிய உணவு ஒரு வேளைச் சோற்றைப் பள்ளிக்குள் கொண்டுவந்தபோது எத்தனை மூட்டைகளின் கணக்கு மாறிற்று என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

'ஓஷின்' கதையிலும் வாய்பாடுகள் இல்லாமல் இல்லை. கொடிய மாமியார் உண்டு. சக்காத்தா நகரத்து அரிசி வணிகர் வீட்டில் நல்லுள்ளம் படைத்த மூதாட்டி உண்டு. ஓஷினுக்குப் படிப்பும் கணக்கும் அந்த வீட்டில்தான் கூடுகின்றன. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும், கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த வேளைக்கு என்ன என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

கொரியர் இதை அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 2025இல் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்' என்னும் தொடரை என் பேத்தி எனக்குக் காட்டினாள். ஜெஜு தீவின் மொழிவழக்கில் அதன் பெயருக்கு, 'மிகவும் பாடுபட்டீர்கள்' என்று பொருளாம். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாய். கவிதை எழுத விரும்பியும் கல்லூரிக்குப் போக முடியாத மகள். அவளுடைய மகள் தலைநகருக்குப் படிக்கப் போகிறாள். அவள் ஜப்பானுக்குச் சென்று பயிலப் பெற்றோர் குடியிருந்த வீட்டை விற்கிறார்கள். அங்கேயும் மணமகனின் தாய் வருகிறாள். பெண்ணின் குடும்பத்தைத் தாழ்த்துகிறாள். பெண் திருமணத்தை முறித்துக்கொள்கிறாள். பழைய வாய்பாடே. ஆனால் அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள், அங்கே யார் சோறு போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் பல பகுதிகளாகப் பார்த்திருக்கிறோம்.

இந்த முறை பேத்தி கைதட்டவில்லை. "தாத்தா, நம் வீட்டை விற்றால் எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். எதற்காகக் கேட்கிறாய் என்றேன். அவளுக்குச் சென்னையில் படிக்க வேண்டுமாம். விடுதிக் கட்டணம் விசாரித்து வைத்திருக்கிறாளாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தோம். தொடரில் எங்களுக்கு இன்னும் இரண்டு பகுதிகள் மீதமிருக்கின்றன.