புகுந்த வீடு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிட்னியில் இருப்பவர்களுக்கு விடிந்திருக்கும், லண்டன் நண்பர்கள் நித்திரைக்குப் போகிற நேரம். இங்கே டொரோண்டோவில் மாலை ஐந்து மணி. என் குரல் எதிரொலித்தால் மன்னிக்க வேண்டும். இந்த அறையில் இன்னும் சாமான்கள் வரவில்லை. கணினியைப் புத்தகப் பெட்டிகளுக்கு மேல் வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இடையிடையே ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது புகை எச்சரிக்கைக் கருவி. பட்டரி முடிந்துவிட்டது. ஏணி எந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு ‘புலம்பெயர் இலக்கியத்தில் வீடு’. குறிப்புகள் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவையும் ஏதோ ஒரு பெட்டிக்குள். மூன்று கிழமைக்கு முன்னர்தான் வீடு மாறினோம். ஆகவே குறிப்பு இல்லாமல், மாறிய வீட்டைப் பற்றியே பேசுகிறேன்.

ஒரேயொரு இலக்கிய அபிப்பிராயம் மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெட்டிகளில் ஆகப் பாரமானது, 1990இல் இங்கே தொடங்கிய ‘காலம்’ இதழின் பழைய பிரதிகள் உள்ள பெட்டி. இறக்கி வைத்த அன்று, முதுகு வலியோடு, அதற்குப் பக்கத்திலேயே இருந்து சிலவற்றைப் புரட்டினேன். நாங்கள் எவ்வளவு வீடுகளை எழுதியிருக்கிறோம்! கிணற்றடி, முற்றம், மாமரம், ஓடு, படலை. எல்லாம் விட்டுவந்த வீடுகள். புகுந்த வீட்டை எழுதியது, நான் வாசித்த அளவில், மிகக் குறைவு. தமிழில் ‘புகுந்த வீடு’ என்ற சொல்லையே பெண்களிடம் கொடுத்துவிட்டோம். அவர்களுக்குத்தான் தெரியும், வேறொருவருடைய அடுப்படிக்குள் முதல் நாள் காலடி வைப்பது எப்படி இருக்கும் என்று.

நான் இந்த நகருக்கு வந்தது 2000ஆம் ஆண்டு. முதல் இருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில், வெலஸ்லியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கும் அந்த அடுக்குமாடிக் கூட்டத்தில். எங்களில் பாதிப்பேருக்கு அதுதானே கனடா. அங்கே கட்டடங்களுக்குக் கனடிய நகரங்களின் பெயர். வின்னிபெக்கையும் ஹலிஃபாக்ஸையும் வரைபடத்தில்கூடக் காணாத நாங்கள், வின்னிபெக்கில் அரிசி வாங்கி ஹலிஃபாக்ஸில் சமைத்தோம். இரண்டு அறையில் ஏழு பேர். முன்பு யார் இருந்தார்கள் என்ற கேள்வியே அங்கே எழுந்ததில்லை. வாடகை வீட்டில் எல்லோருமே பயணிகள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும்தான் முன்னிருந்தவர்களின் சரித்திரம்.

பிறகு ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ட். கலியாணம், மகள், அம்மாவின் வருகை. இப்போது, நாற்பத்தைந்து வயது தாண்டியபின், வார்டன் வீதிக்குக் கிட்ட 1950களில் கட்டிய ஒரு செங்கல் வீடு. இங்கே இதற்குப் பெயர் பங்களோ. மாடியில்லாத சின்ன வீடு என்று அர்த்தம். ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். ‘தம்பி பங்களா வாங்கிட்டான்’ என்று கிராமம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

வீடு மாறிய அன்று நடந்த பெரிய சண்டை பெட்டியைப் பற்றியது. தமிழ்க் கடையில் வாழைப்பழப் பெட்டி கேட்டால் தருவார்கள். நல்ல உறுதியான பெட்டி, இரண்டு பக்கமும் கை நுழைக்க ஓட்டை இருக்கும். அது போதாமல், நான் மதுக்கடையில் இலவசமாகக் கிடைக்கிற பெட்டிகளையும் கொண்டுவந்தேன். அவசரத்தில் என் மனைவி சாமிப்படங்களை அதில் ஒன்றில் அடுக்கிவிட்டாள். அம்மா பார்த்தா. பிள்ளையார் சிலி நாட்டு வைன் பெட்டிக்குள் இருந்து எழும்பி வந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

எங்களுக்கு வீட்டை விற்றது ஒரு இத்தாலியக் குடும்பம். வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்திருக்கிறார். புருஷன் முன்னமே இறந்துவிட்டார். அவரும் இப்போது முதியோர் பராமரிப்பு இல்லத்தில். மகன்தான் வந்து எல்லா அலுவலும் பார்த்தார். நாங்கள் அந்த அம்மாவைக் காணவேயில்லை. அவருடைய பெயருக்குக் கடிதங்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள், ஏப்ரல் முடிகிற நேரம், பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். அவரும் இத்தாலியர். ஒரு மண்வெட்டி வைத்திருந்தார். “உங்கள் வளவுக்குள் ஒரு மரம் புதைத்திருக்கிறது. எழுப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் காட்டினார். பின்வளவில் ஒரு நீளமான மேடு, பலகையும் தகரமும் மூடி, மேலே மண்ணும் சருகும். நான் பழைய பூப்பாத்தி என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு அத்திமரம் படுத்திருந்தது. நாங்கள் சீமை அத்தி என்கிறோமே, அந்த மரம். இந்தக் குளிரை அது தாங்காது. இங்கே வந்த இத்தாலியர்கள் கண்டுபிடித்த வழி இது. இலை கொட்டியபின் ஒரு பக்க வேரை வெட்டித் தளர்த்தி, மரத்தை மெதுவாகச் சாய்த்து, வெட்டிய குழிக்குள் படுக்கவைத்து மூடிவிடுவார்கள். பனி முடிய மறுபடி நிமிர்த்துவார்கள். கடைசியாகச் சென்ற நவம்பரில் அந்த முதியவர்தான் அவருக்காகப் புதைத்திருக்கிறார்.

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தா. “மண்ணுக்குள்ளை மரமோ? உயிரோடையோ?” என்று கேட்டா. பிறகு என் பக்கம் திரும்பி, மூன்று நாளாக மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டா.

“தம்பி, அவ விரும்பித்தானே இந்த வீட்டைக் குடுத்தவ?”

“மகன்தான் கையெழுத்து வைச்சவர், அம்மா.”

“அவவைக் கேட்டவையோ?”

எனக்குத் தெரியாது. வங்கிக் கடன், வழக்கறிஞர், வீட்டு ஆய்வாளர் என்று நான் நூறு கேள்வி கேட்டிருந்தேன். இதைக் கேட்கவில்லை.

இப்போது நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அன்று மாலை என் மகள், அவளுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவின் பெட்டியை அவிழ்த்து உதவி செய்துகொண்டிருந்தாள். பழைய கைப்பை ஒன்றுக்குள்ளிருந்து துருப்பிடித்த ஒரு திறப்பை எடுத்தாள். “அப்பம்மா, இது மயிலிட்டி வீட்டுத் திறப்பா?” என்று கேட்டாள். எங்கள் ஊர் மயிலிட்டி என்பது அவளுக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். அந்தத் திறப்பை நான் முன்னமே கண்டிருக்கிறேன். விட்டுவந்த வீட்டின் திறப்பை வைத்திருக்கும் தாய் என்று மனதுக்குள் ஒரு கதைகூட எழுதியிருந்தேன், அழகான கதை.

“இல்லைப் பிள்ளை,” என்றா அம்மா. “அது அவையின்ரை வீட்டுத் திறப்பு.”

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் எழும்பினோம். எனக்குப் பதினொரு வயது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அந்த வருஷக் கடைசியில் யாழ்ப்பாண நகரில், சோனகத் தெருப் பக்கம், எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. கிடைத்தது என்றுதான் நாங்கள் சொன்னோம். வெறும் வீடு. தளபாடம் ஒன்றும் இல்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அந்த மாதத்துக்குள் வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்துக்கு. இந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததை நாங்கள் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அந்த வீட்டில் அம்மா பால் காய்ச்சவில்லை. அப்பா கேட்டார். குடிபூரல் செய்கிற காலமா என்று சிரித்தும் பார்த்தார். “ஆற்றையோ வீட்டிலை என்னெண்டு பால் காய்ச்சுறது?” என்றா அம்மா. ஐந்து வருஷம் இருந்தோம். ஐந்து வருஷமும் அடுப்பைப் பின்விறாந்தையில் மூட்டித்தான் சமைத்தா. குசினி சும்மா கிடந்தது. நாங்கள் அதை அம்மாவின் பிடிவாதம் என்று நினைத்தோம்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு கொப்பி அகப்பட்டது. யன்னல் கட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. ஆண்டு 6, கணிதம். உறையில் ஒரு பையனின் பெயர். அதை இங்கே சொல்லப்போவதில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தில் 29.10.90 என்று திகதி. ஐந்து கணக்கில் மூன்று செய்திருந்தான். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் இல்லை, பட்டரி இல்லை, தாள் இல்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகின. பாதிக் கொப்பி வெறுமையாகக் கிடைத்தால் விடுவார்களா? மிச்ச இரண்டு கணக்கையும் நான் செய்தேன். அடுத்த பக்கத்திலிருந்து அது என் கொப்பி. உறையில் அவன் பெயருக்கு மேல் தாள் ஒட்டி என் பெயரை எழுதினேன். பசை இல்லை, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறேன். இருபது வருஷத்தில் கிணற்றைப் பற்றி நாலு கதை எழுதியிருக்கிறேன். இந்தக் கொப்பியைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

பிறகு 1995. அதுவும் ஒக்டோபர் 30. அதே திகதி. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, ஆனால் அப்படித்தான் அமைந்தது. அந்த இரவு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்துக்குள் நாங்களும் நின்றோம். வெளிக்கிடும்போது அம்மா அந்த வீட்டைப் பூட்டினா. நகரமே வெறுமையாகிறது, பூட்டி என்ன பயன் என்று அப்பா கத்தினார். அம்மா பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்தா. சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, கடைசியில் டொரோண்டோ. எங்கள் சொந்த வீட்டுத் திறப்பு இடையில் எங்கோ தொலைந்துவிட்டது. இது தொலையவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் பலர் போய்த் தங்கள் வீடுகளைப் பார்த்தார்கள், முஸ்லிம்களும் போனார்கள். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், அந்த வெளியேற்றம் அரசியல் தவறு என்ற அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் ஹஸ்புல்லா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மக்களைப் பதிவுசெய்வதில் கழித்தார். 2018இல் காலமாகிவிட்டார். அவருடைய ஆய்வுகளை நான் வாசித்திருக்கிறேன், மேற்கோளும் காட்டியிருக்கிறேன். அப்போதும் கொப்பி ஞாபகம் வந்தது. வந்ததை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன்.

எங்கள் மயிலிட்டிக் காணி விடுபட்டது 2017க்குப் பிறகு. உறவுக்காரர் படம் அனுப்பினார். வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணறு இருந்தது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லாய் இருக்கோ எண்டு கேள்” என்று மட்டும் சொன்னா. எங்களுக்கு நடந்தது தெரியும். எங்களுக்கு நடந்ததை வைத்து நாங்கள் செய்ததைக் கழித்துவிட முடியாது என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் முப்பத்தைந்து வருஷம் சென்றிருக்கிறது.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “இது நாங்கள் ஸ்கூலில் காலமை சொல்றது மாதிரியா?” என்றாள். இங்கே பள்ளிகளில் காலையில் நில ஒப்புகை வாசிப்பார்கள். இது பூர்வகுடிகளின் நிலம் என்று. எங்கள் தமிழ் விழாக்களிலும் வாசிக்கிறோம், குத்துவிளக்குக்கும் வரவேற்புரைக்கும் நடுவில், அதிவேகமாக. இந்த நகரத்தின் நிலத்தை ஆங்கிலேயர் மிசிசாகா மக்களிடம் 1787இல் வாங்கியதாகச் சொன்னார்கள். பத்திரம் சரியில்லை என்று 1805இல் மறுபடி எழுதி, 10 ஷில்லிங் கொடுத்தார்கள். 2010இல் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தது. ‘அவவைக் கேட்டவையோ’ என்ற கேள்விக்கு இருநூறு வருஷம் கழித்து வந்த ஒரு பதில். ஆனால் மகளிடம் ஆம் என்று சொல்ல நான் தயங்கினேன். அங்கே ‘நாங்கள்’ என்பது வெகுதூரத்தில் இருக்கிறது. கொப்பியில் அது என் கையெழுத்து.

ஆகவே செய்தது இவ்வளவுதான். புத்தளத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒரு நண்பருக்கு அந்தப் பெயரையும் தெருவையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பத்து நாளாகிறது, பதில் வரவில்லை. வந்தால் என்ன எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பூட்டே இப்போது இருக்குமோ தெரியாது. திறப்பை அம்மா தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, சாமிப்படத்தட்டில் வைத்திருக்கிறா.

மரத்தை எழுப்பிவிட்டோம். நானும் மனைவியும் கயிற்றைப் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் அடியில் மண் அணைத்தார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். எங்களை ஏசிக்கொண்டே வேலை வாங்கினார், இத்தாலிய மொழியில் ஏசியதால் கோபம் வரவில்லை. ஒரு கம்பு நட்டுக் கட்டியிருக்கிறது. பார்த்தால் காய்ந்த விறகு போலத்தான் நிற்கிறது. செப்டம்பரில் காய்க்கும் என்கிறார். முதல் பழங்களை அவர் ஒவ்வொரு வருஷமும் அந்த அம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைப்பாராம். இந்த வருஷம் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

“அவரோடை நானும் போகலாமோ எண்டு கேள்,” என்று அம்மா சொல்லியிருக்கிறா. பால் காய்ச்சுவது அதற்குப் பிறகுதானாம். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல், உறவினர்கள் கேட்கிறார்கள். அதனால் குடிபூரலுக்கு அழைப்பு வரவில்லை என்று இந்தக் கூட்டத்தில் யாரும் குறை நினைக்க வேண்டாம். செப்டம்பர் வரை பொறுங்கள்.

அதோ, மறுபடியும் ‘பீப்’. மகள் ஏணியோடு வாசலில் நிற்கிறாள், கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. கேள்விகள் இருந்தால் எழுதி வையுங்கள், பட்டரியை மாற்றிவிட்டு வருகிறேன்.