காலட் மறைந்து காலடி நின்ற கதை



ஒற்றியூர் என்றதும் சுந்தரரும் சங்கிலியாரும், பட்டினத்தடிகளும், வள்ளலாரும் நம் நாவில் வந்து நிற்பர். அவர்களைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். யான் இன்று பேச எடுத்துக்கொண்டது, அத்திருக்கோயிலுக்குத் தெற்கே உள்ள காலடிப்பேட்டை.

1708இல் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு வழங்கப்பட்ட ஐந்து ஊர்களுள் திருவொற்றியூரும் ஒன்று. இடையில் கைவிட்டுப் போய், 1717இல் மீண்டும் அவர்கள் வசமாயிற்று. அவ்வாண்டே ஜோசப் காலட் என்பவர் சென்னைக் கவர்னர் ஆனார். கும்பினியின் வாணிகம் துணியை நம்பியிருந்தது. துணியோ நெசவாளர் கையை நம்பியிருந்தது. முன்பணம் தந்து தொலைவூர்களிலிருந்து துணி வரும்வரை காத்திருப்பதைவிட, நெய்பவரையே அருகில் குடியமர்த்துவது ஆதாயம் அல்லவா? அவ்வாறு எழுந்ததே இவ்வூர். தம் பெயரையே அதற்கு இட்டார் கவர்னர்: காலட்பேட்டை. 104 வீடுகள், 10 கடைகள், ஒரு கோயில், 489 மக்கள் என்று அன்றைய கணக்கு கூறுகிறது. வீட்டையும் கடையையும் எண்ணியவர்கள் விட்டுச் சென்ற அக்கணக்கைப் பலரும் எடுத்து எழுதியுள்ளனர். தறியில் அமர்ந்தவன் ஒருவனின் பெயரும் என் கண்ணில் பட்டதில்லை.

கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றிய செவிவழிக் கதையை நீங்கள் அறிவீர்கள். வீரராகவன் என்னும் பணியாளர் காஞ்சி வரதரை வணங்கிவிட்டு வேலைக்கு வரக் காலம் தாழ்ந்ததாம். 'இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது?' என்று கவர்னர் வினவ, 'தேர் நிலத்தில் அழுந்தி நிற்கிறது' என்றாராம் அவர். விசாரித்தால் அது உண்மை. வியந்த காலட் இங்கேயே வரதருக்குக் கோயில் எழுப்பினார் என்பர். இக்கதையில் ஒரு நுட்பம் காண்கிறேன். ஆணையிடும் துரை ஈண்டு வினவுபவராக மட்டுமே நிற்கிறார், அறிந்தவர் ஊழியர். ஊரார் கதை சொன்னால் இப்படித்தான் சொல்வர்!

இனி, கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய குடியிருப்பைச் சற்று நினைவுகூர்வோம். வெள்ளையர் வாழ்ந்த கோட்டைப் பகுதிக்கு வெள்ளையர் பட்டினம் என்று பெயர். நம்மவர் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் பட்டினம். தோலின் நிறத்தையே ஊரின் பெயராக்கினர். 1758-59இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டு விலகிய பின்னர், கோட்டையின் காப்புக்கெனப் பழைய கறுப்பர் பட்டினம் இடித்து வெளியாக்கப்பட்டது. அந்த நிலத்தில்தான் 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. வடக்கே தள்ளிப்போய் வளர்ந்த புதிய பட்டினத்திற்கும் அப்பெயரே ஒட்டியது. 1906இல் வேல்ஸ் இளவரசர் வருகையை ஒட்டி ஜார்ஜ் டவுன் என்றார்கள். இழிவைச் சுட்டிய பெயர் போயிற்று. ஆனால் வந்த பெயரும் நமதன்று.

காலடிப்பேட்டையில் நடந்தது வேறு. இங்கே ஆணை எதுவும் பிறக்கவில்லை. பொருள் விளங்காத ஒலியை மக்கள் நா நெடுங்காலம் சுமப்பதில்லை. காலட் என்பது அவர்களுக்கு வெறும் ஒலி. காலும் அடியும் அன்றாடச் சொற்கள். ஆமில்டன் வாராவதி அம்பட்டன் வாராவதியானதையும், அதைத் துரைமார் மீண்டும் ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கியதையும் நகைப்புடன் சொல்வார்கள். அது போன்றதே இதுவும். ஆயினும் இதனைத் திரிபு, சிதைவு என்று எழுதும் ஆராய்ச்சியாளரோடு எனக்கு உடன்பாடில்லை. தறிக்குழியில் கால் வைத்து மிதித்து நெய்தவர் வாழ்ந்த ஊருக்குக் காலடி என்பதைவிடப் பொருந்தும் பெயர் ஏது? 2021இல் திறந்த மெட்ரோ நிலையத்தின் ஆங்கிலப் பலகையில்கூடக் காலட் இல்லை, காலடியே நிற்கிறது.

பெயர் நிலைத்தது, அதைத் தந்தவர்களின் சொற்கள் நிலைக்குமா என்பதே என் கவலை. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்னும் சொற்கள் நம் கவிதைகளில் அரிதாகிவிட்டன. சரக்கு லாரிகளின் இரைச்சலுக்கு அப்பால் உள்ள சிறு தெருக்களில் முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அடுத்த கூட்டத்திற்குக் கவிதையோடு வருவோர், அவர்களிடம் கேட்டறிந்த ஒரு தெருப்பெயரையும் அதன் கதையையும் எழுதிக்கொண்டு வருமாறு வேண்டி அமர்கிறேன்.