மெலியும் தொடையும் நோகும் முழங்காலும்

(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் பல்லாண்டு கரும்பலகை முன் நின்றவன். எனினும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இம்மண்டபத்தில் சுவரோரம் நாலைந்து நாற்காலிகள் போட்டால் போதும். இன்று எத்தனை போட்டாலும் போதவில்லை. நாற்காலி போடுவது நம் கடமை. ஆனால் "எழுந்து நடக்கவே பயமாக இருக்கிறது" என்று வீட்டோடு இருந்துவிட்டவர்களை எண்ணித்தான் இன்று பேசுகிறேன்.

முழங்கால் வலித்தால் நாம் முழங்காலையே பார்க்கிறோம். தைலம் தேய்க்கிறோம், பட்டை மாட்டுகிறோம். சற்று மேலே உள்ள தொடையைப் பார்ப்பதில்லை. தொடையின் முன்புறத்தில் நான்கு தசைகள் ஒன்றுகூடி, முழங்காற்சில்லைப் பற்றிக்கொண்டு, கீழ்க்கால் எலும்பில் இணைகின்றன. நாற்காலியிலிருந்து நம்மை எழுப்புவதும், படியிறங்கும்போது உடலைத் தாங்குவதும், குதிகால் தரையில் படும் அதிர்ச்சியைத் தணிப்பதும் பெரும்பாலும் இவற்றின் வேலை.

வலி வந்ததும் நடையைக் குறைக்கிறோம். வேலையில்லாத தசை மெலிகிறது. மூட்டில் நீர் கோத்துக்கொண்டால் நரம்புகளும் தொடைத் தசையை அடக்கிவைக்கின்றன. நாம் முயன்றாலும் அது முழுமையாக இயங்குவதில்லை. தசை தளர்ந்தால் மூட்டின் பாரம் கூடுகிறது, வலியும் கூடுகிறது. மீண்டும் நடையைக் குறைக்கிறோம். செக்குமாடு போல ஒரே வட்டம்!

"அப்படியானால் தொடை பருத்தவர்களுக்கு வலி வராதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அளவு நாடாவைச் சுற்றினால் தசையோடு கொழுப்பும் சேர்ந்தே அளக்கப்படும். மேலும், பருமன் வேறு, வலிமை வேறு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம், வலியோ தசை மெலிவோ இல்லாதபோதும் தொடையின் வலிமை குறைந்திருக்கக்கூடும் என்று 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இன்னொரு செய்தி நமக்கெல்லாம் தெம்பூட்டுவது. 1990இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய 10 பேர் எடைப் பயிற்சியில் இறங்கினார்கள். அவர்கள் முதுமையால் தளர்ந்தவர்கள். 8 வாரங்களில் அவர்களது கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 விழுக்காடுதான் கூடியது. தசை பருப்பதற்கு முன்பே நரம்புகள் அதை நன்றாக இயக்கப் பழகிக்கொள்கின்றன. ஆகவே இரண்டு வாரம் பயிற்சி செய்துவிட்டு, "தொடை பருக்கவில்லையே" என்று சோர்ந்துபோக வேண்டாம்.

வலி குறையுமா? 1997இல் வெளியான மற்றோர் ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன, முழங்கால் தேய்மானமுள்ள 439 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். நடைப்பயிற்சி செய்தவர்களுக்கும் எடைப்பயிற்சி செய்தவர்களுக்கும், உடல்நல வகுப்புக்கு மட்டும் வந்தவர்களைவிட வலி ஓரளவு குறைந்தது, நடமாட்டமும் மேம்பட்டது. எனவே என் உரையைக் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள்!

கனமான எடையைத் தூக்கினால் இன்னும் நல்லதா? 377 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், கனமான எடையால் வலி கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே பயில்வானாக வேண்டியதில்லை; விடாமல் செய்தால் போதும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

செய்ய வேண்டியவை எளியவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. அடுத்து, சுவரோடு ஒட்டிய நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முதலில் கையை ஊன்றலாம்; பழகியபின் ஊன்றாமல் எழலாம். மூன்றாவதாக, புளோக்கைச் சுற்றி இயன்ற அளவு நடங்கள். சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள். உடல் எடை மிகுந்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

ஓர் எச்சரிக்கை. மூட்டு திடீரென வீங்கிச் சூடாகச் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இதய நோய் உள்ளவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் இப்பயிற்சிக்கு ஒதுக்குவோம். புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. நாம் போடும் நாற்காலிகளே போதும். நீங்களும், வராமல் நின்றுவிட்ட ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "வாருங்கள், சேர்ந்து செய்வோம்" என்று சொல்லுங்கள். தனியே செய்ய அஞ்சுபவர், நாலு பேரோடு சேர்ந்தால் துணிந்து எழுவார்.