தூரின் நகரத்துத் துகில்

இத்தாலியின் வடபாகத்திலுள்ள தூரின் நகரப் பேராலயத்திலே பழந்துகில் ஒன்று பேணப்பட்டு வருகின்றது. ஏறக்குறைய 4.4 மீற்றர் நீளமும் 1.1 மீற்றர் அகலமுங் கொண்ட லினன் துணி அது. சிலுவையில் அறையுண்டவர் போன்ற ஒரு மனிதரின் முன்புறமும் பின்புறமும் அதில் மங்கலாகத் தோன்றுகின்றன. இயேசுநாதரின் திருவுடலைச் சுற்றி அடக்கஞ் செய்த துகில் இதுவே என நம்பிப் போற்றுவோர் பல இலட்சம் பேர்.

இதனை ஐயுற்றவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமே என்று எண்ணுதல் தவறாகும். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டு லிரே என்னும் சிற்றூரிலே இத்துகில் முதன்முதலாக வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1389ஆம் ஆண்டில் அப்பகுதி மேற்றிராணியார் பியேர் தார்சி, இஃது ஓர் ஓவியனின் கைவேலையென்றும், அவ்வோவியனே அதனை ஒப்புக்கொண்டானென்றும் முறையிட்டு மடல் வரைந்தார். அவிஞோனிலிருந்து பாப்பரசர் பதவிக்கு உரிமை கோரிய ஏழாம் கிளெமென்று, துகிலைக் காட்டத் தடை விதிக்கவில்லை. ஆயினும், அது மெய்யான துகிலன்று, அதன் சாயலே என்று மக்களுக்கு அறிவிக்குமாறு கட்டளையிட்டார்.

பின்னர்த் துகில் சவோய் அரச குடும்பத்தின் உடைமையாயிற்று. 1532இல் ஷம்பெரி நகரில் நேர்ந்த தீயிலே சேதமுற்று, 1578இல் தூரினை அடைந்தது. 1898இல் செக்கொந்தோ பியா என்பார் அதனைப் புகைப்படமெடுத்தார். படத்தின் எதிர்த்தகட்டிலே, துணியில் மங்கியிருந்த முகம் தெளிவுடன் எழக் கண்டு உலகம் வியந்தது.

ஆளிச் செடி வளருங்கால் காற்றிலுள்ள காபனை உட்கொள்கின்றது. அதில் ஒரு சிறுபங்கு கதிரியக்கமுடையது. செடி அறுக்கப்பட்டபின் அப்பங்கு சிறிது சிறிதாகக் குறைந்து, ஏறக்குறைய 5,730 ஆண்டுகளிற் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் நாரின் வயதை அறியலாம். 1988இல் திருச்சபையின் அனுமதியோடு துகிலின் ஓரத்திலிருந்து துணுக்கு வெட்டப்பட்டு, ஒக்ஸ்போர்ட், சூரிச், அரிசோனா ஆகிய மூவிடத்து ஆய்வுகூடங்களுக்கு வழங்கப்பட்டது. துணியின் காலம் 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டதென்பதே முடிவு. அதனை உலகுக்கு அறிவித்தவர் தூரின் பேராயர் கர்தினால் பலெஸ்திரேரோ அவர்களே.

வெட்டிய பகுதி பிற்காலத்து ஒட்டு என்றும், தீயின் புகை கணக்கைப் பிறழச் செய்தது என்றும் மறுப்புகள் எழுந்தன. அவை எவையும் அம்முடிவை மாற்றும் அளவுக்கு நிறுவப்படவில்லை. எனினும், உருவம் எவ்வாறு பதிந்தது என்னும் வினாவிற்கு அனைவரும் ஏற்கும் விடை இன்னுமில்லை. 1978இல் துகிலை நேரில் ஆராய்ந்த அமெரிக்கக் குழுவினர் அது தீட்டிய ஓவியமன்று என்றனர். அதன் மாதிரிகளை நுணுக்குக்காட்டியால் நோக்கிய வோல்டர் மக்குரோன் என்பார் செங்காவி வண்ணமே என்றார். காலம் பற்றிய வினா வேறு. செய்முறை பற்றிய வினா வேறு. பின்னது விளங்காமையால் முன்னது பொய்யாகிவிடாது.

1998இல் தூரினுக்கு வந்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், இத்தகைய வினாக்களை முடிவு செய்யுந் தனித்தகுதி திருச்சபைக்கு இல்லையெனக் கூறி, அப்பணியை விஞ்ஞானிகளிடமே ஒப்படைத்தார். துகில் இன்றும் அப்பேராலயத்திலேயே இருக்கின்றது. அதன்முன் முழந்தாளிடுபவர், பாடுபட்ட ஒருவரின் துன்பத்தை நினைந்து உருகலாம்; அவ்வுருக்கத்திற்குத் துணியின் வயது தடையாகாது. ஆனால் அவ்வுருக்கத்தைக் காப்பதற்காக அளவுகோலை ஒளித்து வைக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு மேற்றிராணியார் அதனை உணர்ந்திருந்தார்.