உடன் தங்குவோருக்கும் இடம் வேண்டும்



மனநல மருத்துவர்கள் நிறைந்த அவையில், மனநலச் சமூகப் பணியைச் சேர்ந்த என்னைத் தலைமை ஏற்கச் செய்திருக்கிறீர்கள். இது எனக்கு மட்டுமல்ல, என் துறைக்கே கிடைத்த பெருமை. அதற்குத் தக்கபடி பேச வேண்டுமே என்ற படபடப்போடுதான் நிற்கிறேன்.

மனநல சேவையை எல்லோருக்கும் எட்டச் செய்வது இந்த மாநாட்டின் பொருள். 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்ததும், 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் முதலில் திருச்சிக்கு வந்ததும் இந்த அவைக்குத் தெரியும். நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னதும் தெரியும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனைச் சேவை பேசுகிறது. மருத்துவர் பற்றாக்குறை, தொலைமருத்துவம், நிதி ஒதுக்கீடு பற்றியெல்லாம் அடுத்து வரும் அமர்வுகள் விரிவாகப் பேசும். எனக்குக் கிடைத்த நேரத்தை, நம்மில் பலர் மேற்கோள் காட்டி, சிலரே முழுதாகப் படித்த ஒரு கட்டுரைக்குச் செலவிட அனுமதி கோருகிறேன்.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர். ரகுராமும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாத்திரை எதுவும் தரப்படவில்லை. நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் சராசரி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியது. உடனிருந்த குடும்பத்தாரும் பெரும்பாலோர் தேறியதாகவே சொன்னார்கள்.

இந்தக் கட்டுரையை இரு தரப்பினரும் தவறாகவே கையாண்டிருக்கிறார்கள். தெய்வம் குணப்படுத்துவதை அறிவியலே ஒப்புக்கொண்டது என்று ஒரு தரப்பு எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவேயில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லை, 31 பேர்தான், நோய் முற்றிய வேளையில் வருகிறவர்கள் சில வாரத்தில் தாமாகவே சற்றுத் தணியக்கூடும் என்று நம் துறையினர் ஒதுக்கினார்கள். இந்த ஆட்சேபங்கள் மூன்றும் நியாயமானவை, மூன்றையும் ஏற்கிறேன். ஆனால் கட்டுரையின் மையக் கருத்தை அவை தொடவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான ஓரிடத்தில் தங்குவதே பலன் தந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குடும்பத்தார் துணையோடு அப்படித் தங்கும் வாய்ப்பை நம் வார்டுகளில் ஏன் தர முடியவில்லை என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முன்பொரு கருத்தரங்கில் இதை நான் எழுப்பியபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்த மருத்துவர் ஒருவர், “இது ஏர்வாடிக்குத் திரும்பவும் கதவைத் திறந்துவிடும்” என்றார். அவர் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், நோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியைத் தடைசெய்யும், 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவில் ஓரெழுத்தைக்கூட யாரும் தளர்த்தக் கூடாது. ஆயினும் அவருக்கு என் பதிலை இன்று பணிவோடு சொல்கிறேன். ஏர்வாடியில் எரிந்தது, குடும்பத்தார் பணம் கட்டி விட்டுவிட்டுப் போன தனியார் காப்பகம். நோயாளியின் பக்கத்தில் சொந்த மனிதர் இல்லாத இடத்தில்தான் சங்கிலி துணிந்து ஏறுகிறது. என் வாதத்துக்கு ஏர்வாடியே சாட்சி.

குடும்பம் உடன் தங்குவது பலன் தரும் என்பதற்கு இன்னும் பழைய சான்று அமிர்தசரஸ். 1950களில் அங்கே மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். நோய் பற்றி அவர்களிடம் பேசினார். தேறியவர்கள் வீடு திரும்பினார்கள். அவர் எழுதியது மிகக் குறைவு என்பதால் நம் பாடத்திட்டங்களில் அவர் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் குடும்பத்தோடு தங்கும் முறையைத் தன் வழக்கமாகவே வளர்த்தது. நம் மண்ணிலேயே இருக்கும் இந்த முன்மாதிரி மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். உடனிருக்க ஆள் இருந்தால்தான் அட்மிஷன் என்கிறோம். இருபத்திரண்டு வயது மகனோடு ஒரு தாய் வருகிறார். ஆண்கள் வார்டு என்பதால் இரவு எட்டு மணிக்கு அவரை வெளியே போகச் சொல்கிறார்கள். மருத்துவமனைச் சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான். வராந்தாவில் புடவையை விரித்துப் படுக்கிறார், குளிக்க இடமில்லை, கூலி போகிறது. நான்காம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். மருத்துவர் சொல்லை மீறிச் சென்றதாக கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். பிறகு அதே தாயை ஒரு கோயில் மண்டபத்தில், மகன் அருகில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கக் காண்கிறேன். இதற்கு நாம் வைக்கும் பெயர் மூடநம்பிக்கை. தங்க இடம் எங்கே கிடைத்ததோ அங்கே அவர் போனார், அவ்வளவுதான்.

குடும்பமே கொடுமை செய்யும் வீடுகள் உண்டே என்று உரிமைக் களத்துத் தோழர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. யார் உடன் தங்குவது என்பதை நோயாளியே சொல்லட்டும்; அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு தன் பிரதிநிதியை நியமிக்கும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. சிறார் விஷயத்தில் பிரதிநிதியோ அவர் நியமிக்கும் துணையாளோ சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கும் காலம் முழுவதும் உடன் தங்க வேண்டும் என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. விரும்பும் பெரியவர்களுக்கும் அந்த வசதியைத் தருவதில் என்ன தடை? குடும்பமே இல்லாதவர்களுக்குத் துணையாள் நியமிப்பது அரசின் பொறுப்பு. உடனிருக்க ஆளில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும்.

ஆகவே இந்த மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனை மனநல வார்டிலும் உடன் தங்குபவருக்குக் கட்டில், குளியலறை, மூன்று வேளை உணவு, இழந்த கூலிக்கு ஈடு. மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டப் பல ஆண்டுகள் ஆகும். இதற்கு ஒரு பட்ஜெட் போதும். ஏற்காதவர்கள் இந்த இரண்டு நாளில் மறுத்துப் பேசுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.